எங்கள் மாடியில் எழும்பிய பச்சைமலை

தூக்கத்தில் கனவு காண்கிறவர்களால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. விழித்திருக்கும்போதே கனவு காண்கிறவன் கையில் ஒரு சுத்தியல் கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. (என் மனைவி கவிதா இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்வாள். அதை அச்சில் போட முடியாது.)

நான் இரண்டாவது ரகம். வீடு பெரம்பலூரில். வேலை அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடைபோட்டு அனுப்ப வேண்டும். தினமும் பஸ்ஸில் போய்வரும் சாலையில் புளியமரங்களின் இலைமேல்கூடச் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருக்கும். நல்ல மழை பெய்தால்தான் அவை பச்சை என்பதே ஞாபகம் வரும். என் சட்டைப் பையில், காது மடலில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எல்லாம் அதே பொடி. நாளெல்லாம் கல்லையும் தூசியையும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு மரத்தின்மேல் ஆசை வந்ததில் என்ன தப்பு?

அந்த ஆசை ஏற்காட்டில் தொற்றிக்கொண்டது. ஒருமுறை நானும் கவிதாவும் அங்கே பழைய பங்களா ஒன்றில் தங்கினோம். வெளியே பனிமூட்டம். உள்ளே தரை முழுக்க மரம். கையளவு தேக்குப் பட்டைகளை மீன் முள் மாதிரி எதிரும் புதிருமாகச் சாய்த்து ஒட்டியிருந்தார்கள். வெறுங்காலோடு நடந்தால் பாதத்துக்கு அடியில் யாரோ மெதுவாக ‘உம்’ கொட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். அன்றைக்கு நான் அறைக்குள்ளேயே பல கிலோமீட்டர் நடந்திருப்பேன். கவிதா போர்வைக்குள்ளிருந்து, “என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆமாம், மனதை என்று சொல்ல நினைத்தேன். அடி விழும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் மாடி அறைக்கு அதே மாதிரித் தரை வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“வூட்ட கட்டுனது சிமெண்ட்ல, நாம சோறு திங்கிறது சிமெண்ட்ல, தரை மட்டும் உங்களுக்கு மரத்துல வேணுமா?” என்றாள் கவிதா.

வேண்டும் என்றேன். அந்தக் கோடையிலேயே திருச்சியிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தேன். அவர் முன்பின் அந்த வேலை செய்தவர்தானா என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் பட்டைகளைப் பிரித்துப் போட்டபோது எழுந்த தேக்கு வாசனையில் எனக்கு எந்தக் கேள்வியும் தோன்றியிருக்காது. வேலை முடிந்ததும் அவர் சுவரோரம் குனிந்து பெருமையாகக் காட்டினார்.

“பாத்துக்குங்க சார். சுவத்துக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு எறும்பு நுழையட்டும், நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்.”

நானும் குனிந்து பார்த்து உருகினேன். சுவரோரம் எறும்பென்ன, சுண்டுவிரலே நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும் என்பதும், ஈரக்காலத்தில் மரம் உப்பினால் நகர்ந்துகொள்ள அந்த இடம்தான் வேண்டும் என்பதும் அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்தக் கோடை முழுக்க நான் சுகமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தத் தரையில் படுத்துக்கொள்வேன். ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் நாடா நாடாக விழும். தேன் நிறத்தில் மரம் மின்னும். கீழே மிக்ஸி ஓடும் சத்தம் தூரத்தில் எங்கோ அருவி விழுவதுபோலக் கேட்கும். லாரி, கல், எடைச்சீட்டு எல்லாம் வேறு யாருடைய வாழ்க்கையோ என்று இருக்கும்.

ஐப்பசி மழை வந்தது. மரம் உப்பியது. நாலு பக்கமும் சுவர் வழிமறித்ததால் அதற்குப் போக்கிடம் மேலேதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏறிப் பார்த்தேன். அறையின் நடுவில் தரை கூடாரம் அடித்ததுபோல எழும்பி நின்றது. கவிதா வந்து பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை.

“பச்சைமலை வந்துருச்சு,” என்றாள்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தெருவில் யாராவது, “என்ன சார், பச்சைமலை எப்படி இருக்கு?” என்று விசாரித்தால், ஊருக்கு மேற்கே இருக்கிற மலையைக் கேட்கிறார்களா, என் மாடியைக் கேட்கிறார்களா என்று நான் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திருச்சிக்காரருக்குப் போன் போட்டேன். “மரம்னா அப்படித்தான் சார், மூச்சு விடும்,” என்றார்.

“இது மூச்சு இல்லீங்க, பெருமூச்சு,” என்றேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

(உண்மையைச் சொன்னால் அந்த மேட்டின்மேல் எனக்கு ரகசியமாக ஒரு பிரியம் இருந்தது. ஏறி இறங்கினால் படகில் நடப்பதுபோல இருக்கும். இதை வீட்டில் சொல்லவில்லை.)

விஷயம் அதோடு நின்றிருக்கும். அப்போதுதான் என் தங்கை தேன்மொழிக்குச் சம்பந்தம் கூடி வந்தது.

தேன்மொழி குரும்பலூர்ப் பக்கம் கால்நடை மருத்துவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தனக்கு எல்லாம் தானேதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையையும் அவளே பார்த்துவிட்டாள். அருள் என்று பெயர், வேளாண் துறையில் வேலை, ஜெயங்கொண்டத்துக்காரர். அவர் அம்மாவுக்குச் சம்மதம். குடும்பத்தில் முடிவு சொல்ல வேண்டிய பெரியப்பாவுக்குத்தான் மனசில்லை. “பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நேரங்காலம் இல்லாம மாட்டுப் பட்டிக்கு ஓடுற வேலையால்ல இருக்கு. அது நம்ம வூட்டுக்கு சரிப்படுமா?” என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் கூடி வந்த ஒன்றிரண்டு இடங்களும் இந்த வேலையைச் சொல்லித்தான் தட்டிப் போயிருந்தன. தேன்மொழி வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் போன் மணி அடித்தாலே திடுக்கிட்டாள்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணே, வர்றவங்கள கீழயே உக்கார வெச்சு காப்பி குடுத்து அனுப்பிரு. மாடிப்பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிராத.”

சரி என்றேன். அன்று சாயங்காலமே அருளின் அம்மா போனில் பேசினார்.

“எனக்கு முட்டி வலி தம்பி. டைல்ஸ் போட்ட வூட்டுக்குப் போனா காலு குளுந்து விறைச்சுக்குது,” என்று சாதாரணமாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“நம்ம வூட்ல மாடி பூரா மரத்தரைம்மா. கால வெச்சா மெத்தையாட்டம் இருக்கும்,” என்றேன்.

“அப்படியா? இதுவரைக்கும் பாத்ததே இல்ல தம்பி. வந்தா மொதல்ல அதத்தான் பாக்கணும்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் கவிதாவும் தேன்மொழியும் நின்றிருந்தார்கள். இருவரும் என்னை விட்டுவிட்டு மாடிப்படியைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

“அவங்க வர்றதுக்குள்ள நானே சரிபண்ணிர்றேன்,” என்றேன்.

எனக்கு அந்தத் தைரியம் ஒரு வீடியோவால் வந்தது. பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர், எழும்பிப்போன மரத்தரையைத் தனியாகச் சரிசெய்கிறார். பேசுவது ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. புரியாததாலேயே எல்லாம் எளிதாகத் தெரிந்தது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல ஒவ்வொரு பட்டையாக எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. நான் அந்தப் பனியைப் பார்க்கிற நேரங்களில் அவர் முக்கியமான வேலைகளைச் செய்து முடித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். முதல் பட்டை வர மறுத்தது. அது வந்ததும் மற்றவை அந்த நாளுக்கே காத்திருந்ததுபோல வரிசையாகக் கழன்று வந்தன. எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் எண் எழுதினேன். என்னுடைய புத்திசாலித்தனத்தில் எனக்கே கொஞ்சம் மயக்கம் வந்தது. எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வெயிலில் பரப்பிக் காயவைத்தேன். வெயிலில் தேக்கு வாசனை மெல்லக் கிளம்பியது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதை முகர்ந்துகொண்டே, ஒரு காட்டைப் பிரித்துத் திரும்பச் சேர்க்கப்போகிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை வந்தது. நான் வானத்தைப் பார்த்து, “அடடா, என்ன அழகு,” என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கவிதா இன்றைக்கும் சொல்கிறாள். அது பொய். நான் மனதுக்குள்தான் சொன்னேன். பட்டைகளை வாரி உள்ளே கொண்டுவந்தபோது ஒன்றில்கூட எண் இல்லை. எல்லாம் முகம் கழுவிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரேபோல என்னைப் பார்த்தன.

ஈரத்தைப் போக்க இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கவிதா வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படியே என் பொடவையையும் தேச்சு வெச்சிருங்க. நாளன்னைக்கு கட்டணும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பசை வாங்கப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டப்பாவைக் கொடுக்கும்போது நீளமாக ஏதோ சொன்னார். அந்த நேரம் கடை முன்னால் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களின் விளிம்பிலிருந்து மழைநீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் தெரு தலைகீழாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தபடி, “சரிங்க, சரிங்க,” என்றேன். அவர் சொன்னது இதுதான் என்று பிற்பாடு தெரியவந்தது: “இது ஈரக் காத்து பட்டா கல்லாட்டம் இறுகிரும் சார். மேல வழியிறத உடனே தொடச்சிருங்க. கை கால்ல பட வேணாம்.”

அவர்கள் வருகிற நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து தரைக்குப் பசை தடவுவதும் பட்டை பதிப்பதுமாக இருந்தேன். சுவரோரம் இந்த முறை தாராளமாக இடம் விட்டேன். எண் இல்லாததால் கண் போன போக்கில் பதித்தேன். வாசல் பக்கம் ஒழுங்காக மீன் முள்ளாக ஆரம்பித்த வரிசை, நடுவில் அந்த மீனை லாரி மிதித்ததுபோல ஆகிவிட்டது. ஒரு கூடை பட்டை மிச்சம் வேறு. அதைக் கீழே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பசையைக் கூடுதலாக ஊற்றினேன். இடுக்குகளில் அது பிதுங்கி மினுமினுத்தது. அப்புறம் துடைக்கலாம் என்று விட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வேலை முடிந்தது. மேடு போய்விட்டது. தரை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார் அந்த வீடியோத் தாடிக்காரர். நானும் முதலில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய மட்டம்தான். அந்தத் திருப்தியில் புரண்டு மல்லாந்தேன்.

வெளியே தூறல். கீழே கேசரியில் நெய் விடும் வாசனை. கண்ணை மூடினேன், ஒரு நிமிஷத்துக்குத்தான். அரியலூர் சாலைப் புளியமரங்கள் எல்லாம் தூசியை உதறிவிட்டுப் பச்சைப்பசேலென்று படியேறி வந்து அறைக்குள் வரிசையாக நின்றன. தரை மெல்ல அசைந்து தோணியானது. மரங்கள் குனிந்து என் தலையைக் கோதின. எங்கோ கரையிலிருந்து ஒரு குரல், “என்னங்க, வந்துட்டாங்க. சீக்கிரம் எந்திரிச்சு வாங்க,” என்றது. வரட்டும் என்று நான் தோணியிலிருந்தே பெருந்தன்மையாகக் கையசைத்தேன்.

கை அசையவில்லை.

கண்ணைத் திறந்தேன். மரங்கள் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினேன், தலைமுடி வர மறுத்தது. முதுகைத் தூக்கினேன், சட்டை வர மறுத்தது. இடது புறங்கை தரையோடு தரையாக இருந்தது. என்னுடையது என்று சொல்ல மிச்சமிருந்தவை வலது கையும் இரண்டு கால்களும்தான். மழைக்குப் பயந்து அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்பது படியில் கேட்ட பேச்சுக் குரல்களிலிருந்து தெரிந்தது.

“இருங்கம்மா, காப்பி குடிச்சிட்டு மெதுவா பாக்கலாம்,” என்று கவிதா கெஞ்சுவது கேட்டது.

“இருக்கட்டும்மா, மொதல்ல அந்த மரத்தரைய ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். தம்பி அவ்வளவு சொல்லுச்சு,” என்றது அருளின் அம்மாவின் குரல்.

அவர் முதலில் நுழைந்தார். அடுத்து வெள்ளை வேட்டி சட்டையில் பெரியப்பா. அப்புறம் அருள். கடைசியாகக் கவிதாவும், பட்டுப் புடவையில் தேன்மொழியும். எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். வீட்டுக்கு மூத்தவன் நான். வந்தவர்களை வரவேற்க வேண்டியவன். ஒரு கையை மட்டும் உயர்த்தி நெற்றியில் வைத்து, “வாங்க, வாங்க. உக்காருங்க,” என்றேன்.

யாரும் உட்காரவில்லை.

“உடம்புக்கு முடியலையா?” என்று பெரியப்பா கவிதாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நல்லாத்தாங்க இருக்கேன். ஒட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்,” என்று நானே பதில் சொன்னேன்.

தேன்மொழியின் முகத்தைப் பார்த்தேன். இதற்கு முன் தட்டிப்போன இடங்கள் எல்லாம் அதில் ஒருமுறை வந்து போயின. விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் ஏற்கனவே விழுந்துதான் கிடக்கிறேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். கீழே இறங்கிப் போனாள். போயே விட்டாள் என்று நினைத்தேன். ஸ்கூட்டரில் இருந்த தன் வைத்தியப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். “அண்ணி, வெந்நியும் தேங்காண்ணையும் கொண்டாங்க. அருள், நீங்க தோளப் புடிச்சுக்குங்க. பெரியப்பா, அவரு கால ஒதறிருவாரு, வந்து அமுத்திப் புடிங்க.”

அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சே கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியப்பா வந்து மண்டிபோட்டு என் கணுக்கால்களைப் பிடித்தார்.

தேன்மொழி என் தலைமாட்டில் உட்கார்ந்து வளைந்த கத்தரியால் முடியை வேரோரம் வெட்ட ஆரம்பித்தாள். நான் நெளிந்தேன். என் கழுத்தை மெல்லத் தட்டிக்கொடுத்து, நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கி ‘த்ச, த்ச’ என்று சத்தம் எழுப்பினாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இந்தா முடிஞ்சுருச்சு. நில்லு, நில்லு.” கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவிடம் பேசுகிற பேச்சு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பயமெல்லாம் வடிந்து நிஜமாகவே அமைதியாகிவிட்டேன். (கொஞ்சம் கண்ணைக்கூட மூடினேனாம்.)

கைக்கு வெந்நீரும் எண்ணெயும் விட்டு விட்டு, தோல் கிழியாமல் எடுத்தாள். சட்டையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. முதுகுத் துணியைத் தரைக்கே விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டி என்னை வெளியே எடுத்தாள். அருள் என்னைத் தூக்கி நிறுத்தினார். பின்பக்கம் காற்றோட்டமாக நான் நின்றபோது, பெரியப்பாவும் எழுந்தார். பாதிதான் எழுந்தார். இடுக்கில் இன்னும் காயாமல் இருந்த பசை அவர் வேட்டியைப் பிடித்திருந்தது.

பெரியப்பா குனிந்து வேட்டியைப் பார்த்தார். தேன்மொழியைப் பார்த்தார். அவள் கத்தரியோடு அவர் அருகில் வந்து நின்று, “அசையாதீங்க பெரியப்பா,” என்றாள்.

அருளின் அம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு தாங்காமல் முட்டி வலியை மறந்து தரையிலேயே உட்காரப் போனவரை, “ஐயோ, உக்காராதீங்கம்மா,” என்று கவிதா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

கரை போன வேட்டியோடு கீழே உட்கார்ந்து பெரியப்பா கேசரி சாப்பிட்டார். இரண்டாவது முறை கேசரி வாங்கிக்கொண்டபோது, “பதறாத பொண்ணு. எந்தப் பட்டிக்கு வேணாலும் போவட்டும். நாள் பாத்துரலாம்,” என்றார்.

கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் நான் மொட்டையோடு நிற்கிறேன். எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் சிறுவாச்சூர் என்று பக்தியோடு சொல்லிவைத்தேன். அந்தப் பொய் நிற்கவில்லை. தாலி கட்டி முடிவதற்குள் அருளின் அம்மா காலைப் பந்தியில் எல்லோருக்கும் கதையைச் சொல்லிவிட்டார்.

மாடி அறைத் தரையை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. தொட விடவில்லை என்பது சரி. என் நீலச் சட்டையின் முதுகும், பெரியப்பாவின் வேட்டிக் கரையில் ஒரு முழமும் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. மேலேயே வார்னிஷ் அடித்துவிட்டோம். ஜெயங்கொண்டத்திலிருந்து யார் புதிதாக வந்தாலும், காப்பிக்கு முன்னால் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். போனில் பேசினால் அந்தக் குடும்பத்தில் யாரும் என்னிடம் நலம் விசாரிப்பதில்லை. காலையோ மாலையோ, முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்திரிச்சிட்டீங்களா?”

போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சலில் கட்டில் லேசாக மிதந்துகொண்டிருந்தது. அருளின் அம்மா முட்டி வலியோடு பஸ் மாறி, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். கட்டில் அருகில் வந்து நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“எந்திரிச்சிருவீங்கல்ல தம்பி?”

நான் தலையைத் தூக்கிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. தலையணைக்கும் என் தலைக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சியை ஆற்ற உட்கார்ந்தார்.